கதவைத் திறந்து பாருங்க, மாப்பிள

வானொலியில் ஐந்து விநாடி சத்தமில்லாமல் போனாலே எங்களுக்கு வியர்த்துவிடும். பத்து விநாடி ஆனால் மேலதிகாரியிடமிருந்து அழைப்பு வரும். பேசிப் பிழைக்கும் எனக்கு, ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினாலே அதிகம் என்று நினைப்பவர் மாமனாராக வாய்த்திருக்கிறார். சுங்கை சிப்புட்டில் இருக்கிறார். 31 ஆண்டுகள் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் கேட்டுப் போன அன்று, "என்ன வேலை?" என்றார். சொன்னேன். "பேசுறதுக்குச் சம்பளமா?" என்றார். அன்றைக்கு அவ்வளவுதான் பேசினார்.

இந்த வாரம் அவரைப் பற்றியும் என் ஜீப்பைப் பற்றியும் எழுதுகிறேன். அந்த ஜீப்பின் அடியில் நாங்கள் இருவரும் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்துக் கிடந்த நான்கு வார இறுதிகளைப் பற்றியும்.

என்னுடையது பழைய சுசுகி ஜிம்னி. 2018-இல் புதிய வடிவம் வருவதற்கு முந்தைய மாடல். ஏறத்தாழ ஒரு டன் எடை. முன்னால் இரண்டு கதவு, பின்னால் சாமான் வைக்க ஒரு கதவு. பின்சீட்டில் இருப்பவர் இறங்க வேண்டும் என்றால், முன்சீட்டை மடித்து முன்கதவு வழியாகத்தான் இறங்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

காட்டுப்பாதையில் வண்டி ஓட்டும் ஆசை நம் நாட்டில் பலருக்கு உண்டு. 1997-இல் இங்கே தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள். நான் அந்த அளவுக்கெல்லாம் போகிறவன் இல்லை. நண்பர்கள் நான்கைந்து வண்டியாகச் சேர்ந்து, அரிசி, பால்மாவு, பள்ளிப் பைகளை ஏற்றிக்கொண்டு, லாசாவைத் தாண்டி உள்ளே இருக்கும் ஓராங் அஸ்லி கிராமங்களுக்குப் போய் வருவோம். காலையில் போய் மாலையில் திரும்பும் பயணம்தான். அதனால் சில நேரம் மனைவியையும் மகளையும் கூட்டிப் போவேன்.

ஜீப் வாங்கிய புதிதில் அதன் இரண்டு பக்கமும் பளபளவென்று இரண்டு குழாய் மாட்டினேன். சைட் ஸ்டெப் என்பார்களே, கால் வைத்து ஏறும் படி. படம் எடுத்துப் போட்டேன். நிறைய லைக் விழுந்தது. மாமாவும் ஒரு நாள் பார்த்தார். குழாயை விரலால் ஒருமுறை தட்டினார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அவர் தட்டியதற்கு அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. மதியம் பெய்த மழையில் மண்சாலை சோப்பு தடவியது போல இருந்தது. வலது பக்கம் மலைச்சரிவு, இடது பக்கம் பள்ளம். ஒரு வளைவில் வண்டி வழுக்கி, வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் தண்ணீர் அரித்த குழியில் இறங்கின. "டங்" என்று ஒரு சத்தம். வண்டியின் வலப்பக்க அடி அப்படியே ஒரு பாறைமீது உட்கார்ந்துவிட்டது.

நான் இறங்கிப் பார்க்கலாம் என்று கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. தோளால் இடித்தேன். அசையவில்லை. இடப்பக்கக் கதவு திறந்தது. ஆனால் அதன் வெளியே நிற்பதற்கு இருந்தது ஓர் அடி அகல ஈர மண். அதற்கு அப்பால் பள்ளம். என் மனைவி வண்டியின் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கினாள். பிறகு சீட்டை மடித்து, ஆறு வயது மகளைப் பின்னாலிருந்து இழுத்து இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒவ்வோர் அடியாக வைத்து முன்னால் நின்ற நண்பரின் வண்டிவரை நடந்தாள். நான் கியரைத் தாண்டித் தவழ்ந்து வெளியே வந்தேன். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வண்டியைப் பட்டை கட்டி இழுத்து வெளியே எடுத்தோம். ஆனால் அந்த ஓர் அடி மண்ணில் என் மனைவி நடந்த நடை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

அன்றிரவு மாமா வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினோம். மாமா டார்ச் விளக்கோடு வந்து குனிந்து பார்த்தார். நடந்தது இதுதான்: அந்தப் பளபளக் குழாயை வண்டியின் உடம்புத் தகட்டில் போல்ட் போட்டு மாட்டியிருந்தார்கள். உடம்புத் தகடு சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம். பாறை குழாயை மேலே தள்ள, குழாய் தகட்டை மேலே தள்ள, கதவுக்குக் கீழே இருக்கும் விளிம்பு நசுங்கிக் கதவின் அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. காவல் என்று நினைத்து நான் மாட்டியதுதான் கதவைப் பூட்டியிருக்கிறது.

மாமா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "ஏறுறதுக்கு வெச்சதைத் தாங்கச் சொன்னா எப்படித் தாங்கும்?" என்றார்.

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தன் மகளையும் பேத்தியையும் பற்றி ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. என் மனைவிதான் முடிவாகச் சொன்னாள்: "அப்பா சரின்னு சொல்ற வரைக்கும் நானும் பாப்பாவும் இதுல ஏற மாட்டோம்."

கதவையும் விளிம்பையும் சரி செய்ய 1,150 வெள்ளி ஆனது. அதற்குப் பிறகுதான் ராக் ஸ்லைடர் வேலையைத் தொடங்கினோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ராக் ஸ்லைடர் என்பது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில், கதவுக்குக் கீழே, நீளவாக்கில் ஓடும் கனமான இரும்பு. தூரத்திலிருந்து பார்த்தால் படி மாதிரித்தான் தெரியும். வித்தியாசம் அது எங்கே பிடித்திருக்கிறது என்பதில். ஜிம்னி போன்ற வண்டிகளுக்கு அடியில் ஏணி வடிவில் ஓர் இரும்புச் சட்டம் இருக்கும், அதைத்தான் சேசிஸ் என்கிறோம். உடம்பு அதன்மேல் ரப்பர் வைத்து உட்கார்ந்திருக்கும். ஸ்லைடர் உடம்பைத் தொடவே கூடாது. அதன் கால்கள் நேராகச் சேசிஸில் போய் நிற்க வேண்டும். அப்போதுதான் வண்டி பாறையிலோ மரக்கட்டையிலோ இறங்கும்போது, பாதி வண்டியின் எடை தகட்டுக்குப் போகாமல் சட்டத்துக்குப் போகும். வண்டியும் அந்த இரும்பின்மேல் வழுக்கிக்கொண்டு தாண்டிவிடும்.

முதல் சனிக்கிழமை பழைய இரும்புக் கடைக்குப் போனோம். நான் பளபளப்பான ஜி.ஐ. குழாயைத் தூக்கினேன். துருப்பிடிக்காது அல்லவா? மாமா அதை வாங்கித் திரும்ப இடத்தில் வைத்துவிட்டுக் கறுப்புக் குழாயை எடுத்தார். காரணத்தை வண்டியில் வரும்போது நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜி.ஐ. குழாயின் மேல்பூச்சு துத்தநாகம். வெல்டிங் சூட்டில் அது வெள்ளைப் புகையாக வரும். அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். ஆலைகளில் பால் குடித்தால் சரியாகும் என்பார்கள். பால் அதைத் தடுக்காது. வெல்டு போடும் இடத்தில் பூச்சை முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டும், அல்லது கறுப்புக் குழாயை வாங்க வேண்டும். "அனுபவிச்சாச்சு" என்றார் மாமா.

வாங்கியது இவ்வளவுதான்: 50-க்கு 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 4 மில்லிமீட்டர் கனம். வெளிப்பக்கத்துக்கு ஒன்றரை அங்குல ஷெட்யூல் 40 பைப். ஒன்றரை அங்குலம் என்பது பெயர்தான், அளந்தால் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர் வரும், சுவரின் கனம் 3.68 மில்லிமீட்டர். அதோடு 5 மில்லிமீட்டர் தகடு. வெல்டிங் குச்சி, கிரைண்டர் தட்டு, பெயிண்ட் எல்லாம் சேர்த்து 430 வெள்ளி. செய்து முடித்தபோது ஒரு பக்கம் 20 கிலோவுக்கு மேல் வந்தது. அந்தக் கறுப்புக் குழாயை மாமா விரலால் தட்டினார். என் பழைய படியையும் தட்டினார். ஒன்று "தொம்" என்றது, மற்றது "டிங்" என்றது. முதல் நாள் அவர் தட்டியதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

வெல்டிங்கை நானே செய்கிறேன் என்றேன். இணையத்தில் நிறைய வீடியோ பார்த்திருந்தேன். மாமா மறுக்கவில்லை. இரண்டு துண்டுத் தகட்டை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றை நிமிர்த்தி வைத்து, "ஒரு பக்கம் மட்டும் ஒட்டுங்க" என்றார். முதல் முயற்சி கோழி கிளறிய மண் மாதிரி இருந்தது. பத்தாவது முயற்சி பார்க்கவே அழகாக இருந்தது. நான் படம்கூட எடுத்தேன். மாமா அந்தத் துண்டை வைஸில் மாட்டி, ஒட்டிய பக்கம் பிளக்கும்படி சுத்தியலால் அடித்தார். மூன்றாவது அடியில் பிரிந்து விழுந்தது. உள்ளே தகட்டின் ஓரம் வெட்டியபோது இருந்த மாதிரியே கூராக இருந்தது. இரும்பு உருகிக் கலக்கவே இல்லை.

"மேலே ஒட்டியிருக்கு. உள்ளே ஒட்டல" என்றார்.

குச்சி சரியில்லையோ என்று கேட்டேன். பெட்டியில் 6013 என்று போட்டிருந்தது. அந்த 60 என்பது, உருகி உறைந்த அந்த உலோகம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவிசை தாங்கும் என்பதைக் குறிக்கிறது. "குச்சி உடையாது. ஒட்டாத இடம்தான் உடையும்" என்றார். அடுத்த வாரமும் துண்டுத் தகடுகளோடுதான் இருந்தேன். ஒருவழியாக ஒரு துண்டு, அடித்தும் பிரியாமல் வளைந்து நின்றது. அத்தை அன்று தேத்தண்ணியோடு அவித்த மரவள்ளிக்கிழங்கும் கொடுத்தார். அதை என் பட்டமளிப்பு விழாவாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் உண்மையான வேலை. வெட்டி அளந்து கால்களை அமைத்தோம். இரண்டு கால் போதாதா என்று கேட்டேன். மாமா தண்ணீர் நிரம்பிய வாளியைக் கொடுத்துக் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். சேசிஸிலிருந்து வெளியே நீளும் ஒவ்வொரு சாணுக்கும் பளு கூடிக்கொண்டே போகும். அதனால் பக்கத்துக்கு மூன்று கால், முடிந்த அளவு குட்டையாக. ஸ்லைடருக்கும் உடம்புக்கும் நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி, ஏனென்றால் உடம்பு ரப்பரின்மேல் ஆடும். வெளிக்குழாய் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், வண்டி பக்கவாட்டில் சாயும்போது கதவுக்கு முன்னால் குழாய் பாறையைத் தொட. ஆனால் டயரின் வெளிவிளிம்பைத் தாண்டக் கூடாது. குழாய்களின் முனைகளை மூடினோம், இல்லையென்றால் சேறு போய் அடைத்துக்கொண்டு உள்ளிருந்தே துரு தின்னும்.

கால்களை நேராகச் சேசிஸில் ஒட்டவில்லை. ஜிம்னியின் சட்டம் அப்படியொன்றும் தடிமன் இல்லை. முதலில் மூலைகளை உருட்டிய தகட்டைச் சட்டத்தில் வைத்து, அதன்மேல் கால். தகட்டின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் சட்டத்தின் நீளவாக்கிலேயே வெல்டு. சட்டத்துக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டால், நோட்டுப் புத்தகத்தில் கிழிக்க வசதியாகப் புள்ளி குத்தி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் அங்கேயே விரிசல் விடும். ஒரே மூச்சில் நீளமாக ஒட்டாமல், கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று ஆறவிட்டு ஆறவிட்டு ஒட்டினார், சூட்டில் சட்டம் கோணாமல் இருக்க.

"ஒட்டினார்" என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். வெளிக்குழாயை ஒட்டியது நான். சேசிஸில் போட்ட வெல்டு ஒன்றுகூட என்னுடையது இல்லை. வளைந்து நின்ற என் துண்டைப் பார்த்து நானே முடிவெடுத்து, குச்சியை மாமா கையில் கொடுத்தேன். கற்றுக்கொள்வதற்குத் துண்டுத் தகடு இருக்கிறது. வீட்டில் செய்ய நினைக்கும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோளும் அதுதான். வெட்டுவது, தேய்ப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் நீங்கள் செய்யுங்கள். சட்டத்தில் ஒட்டும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

இன்னும் சில விஷயங்கள். வண்டியில் வெல்டு வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். எர்த் பிடியை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். சட்டத்தை ஒட்டிப் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் ஓடுகின்றனவா என்று முதலில் பாருங்கள். உள்ளே தரைவிரிப்பைச் சுருட்டி எடுத்துவிடுங்கள், அடியில் வைக்கும் நெருப்பு மேலே கனன்றுகொண்டிருக்கும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முடித்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். பிள்ளைகள் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்கவே கூடாது. அத்தை என் மகளைப் பின்கட்டிலேயே வைத்துக்கொண்டார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் வாகனத்தை மாற்றி அமைப்பது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கும், வாகனக் கட்டமைப்பு பற்றிய 1959-ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டது. இரும்பு வாங்குவதற்கு முன்பே ஜேபிஜே-யிடம் கேட்டுவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு விளக்கம் சொல்வதைவிட முன்கூட்டியே வரிசையில் நிற்பது நல்லது. நான் நின்றேன்.

நான்காவது ஞாயிறு. துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு காய்ந்து, மேலே கறுப்புப் பெயிண்ட்டும் காய்ந்திருந்தது. நான் படம் எடுக்கத் தொலைபேசியை எடுத்தேன். மாமா உயரமான ஜாக்கியை எடுத்து வந்தார். மறுபக்கச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தார். ஹேண்ட் பிரேக்கை இழுக்கச் சொன்னார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார், அந்த ஜாக்கியின் கைப்பிடி துள்ளினால் தாடை போய்விடும். தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் போவதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஜாக்கியின் நாக்கை வலப்பக்க ஸ்லைடரின் நடுவில் கொடுத்து ஏற்றினார். டக், டக், டக். முதலில் ஸ்பிரிங் நீண்டது. பிறகு முன்சக்கரம் தரையை விட்டது. பிறகு பின்சக்கரமும். பாதி வண்டியும் நாங்கள் செய்த இரும்பில் தொங்கியது.

"கதவைத் திறந்து பாருங்க, மாப்பிள."

வெளியே நின்றபடியே கைப்பிடியை இழுத்தேன். கதவு திறந்தது. மூடினேன். பழைய சத்தத்தோடு மூடியது. மாமா குனிந்து ஸ்லைடருக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். இடைவெளி மாறவில்லை. இடப்பக்கமும் அதே சோதனை. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, மகளைப் பார்த்து, "சரி" என்றார். என் மனைவிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அதே பாதையில் போனோம். அதே வளைவு இல்லை, அதற்கு முந்தைய ஆற்றோரம். ஒரு கல்லின்மேல் வண்டி இறங்கி, "கிரீச்" என்று நீளமாக ஒரு சத்தம் கேட்டது. வண்டி வழுக்கிக் கடந்துவிட்டது. மேலே மேட்டில் நிறுத்தினேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் தன் பக்கத்துக் கதவைத் திறந்தாள், மூடினாள். "திறக்குது" என்றாள். போகலாம் என்று கையைக் காட்டினாள்.

மாலை சுங்கை சிப்புட் திரும்பியதும் மாமா டார்ச்சோடு வந்தார். ஸ்லைடரின் அடியில் ஒரு முழ நீளத்துக்குப் பெயிண்ட் போய் வெள்ளை இரும்பு தெரிந்தது. கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தார். கால்களின் ஓரங்களை ஒவ்வொன்றாக விளக்கடித்துப் பார்த்தார். எங்கும் விரிசல் இல்லை. நான் பெயிண்ட்டும் பிரஷும் எடுத்து வந்தேன். இருவரும் தரையில் உட்கார்ந்தோம்.

அவர் பிரஷை நனைத்துக்கொண்டே கேட்டார்: "அன்னைக்கு பாப்பா ரொம்பப் பயந்துட்டாளா?"

நான்கு மாதம் அந்தக் கேள்வியை மனதில் வைத்திருந்திருக்கிறார்.

"கொஞ்சம் பயந்தா மாமா. இன்னைக்குத் தூங்கிட்டா. கல்லுல உரசுனப்பகூட எந்திரிக்கல."

"ம்" என்றார். பெயிண்ட் அடிக்கத் தொடங்கினார். பிறகு வெகுநேரம் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. எனக்கு வியர்க்கவில்லை.